விறகு வெட்டும் செயின்சோ செத்துப்போனால்: மலைநாட்டில் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் குளிக்கிற தண்ணீர் விறகில்தான் கொதிக்கும். நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாக் குளிரில் தை மாதக் காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த பிறகு சோறும் விறகடுப்புக்கு மாறியது, இன்னும் திரும்பிப் போகவில்லை. எனவே போன வருடம் செயின்சோ நின்றுபோனதும் அடுத்ததைத் தேடி அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் கட்டிக்கொண்டு வரும் மிலாறை, அதாவது அந்தக் குச்சி விறகை, எரிக்கிறவர்களுக்கு இது தேவையில்லை, கத்தியே போதும். சவுக்கு, டர்பன்டைன் கட்டைகளை லோடாக இறக்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. (யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்பது இல்லை. தேயிலைக்கு நிழலாக நடும் கிரெவிலியாவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். டர்பன்டைன் என்பது யூகலிப்டஸ் மரம்.)

படி 1: பழையது எதனால் செத்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். அடுத்த மெஷினும் அதே வழியில் போகும்.

சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டு வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. கோளாறு ஸ்பார்க் பிளக்கிலோ, டேங்குக்குள் இருக்கும் பில்டரிலோ, கார்பரேட்டரில் உள்ள மெல்லிய டயப்ரத்திலோ இருக்கலாம். அதெல்லாம் சில்லறைச் செலவு, புதிய மெஷினே வேண்டாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சுரண்டியிருந்தால் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. கயிற்றை இழுக்கும்போது கனமே இல்லாமல் வந்தாலும் அதே கதைதான். பிஸ்டன், சிலிண்டர் செட் மாற்றலாம். ஆனால் மலிவான மெஷினுக்கு அந்தச் செலவு செய்யாதீர்கள் என்பேன்.

என்னுடையது கோடு கோடாகத்தான் இருந்தது. காரணம் நான்தான்.

படி 2: மெஷின் எந்த உயரத்தில் ஓடப்போகிறது?

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. எனக்கு ஒரு மெஷின் போனதும் இதனால்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். எஞ்சின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று கொழும்பில் இழுப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். ஆனால் சாதாரணக் கார்பரேட்டருக்கு இது தெரியாது. கொழும்பில் விட்ட கணக்குக்கே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடினால் புகை வரும், பிளக் கறுப்பாகும், மரத்தில் வைத்ததும் எஞ்சின் மூச்சுத் திணறும்.

என் பழைய மெஷினும் இதையெல்லாம் செய்தது. 58 சி.சி. என்று ஸ்டிக்கர், 22 இஞ்சி பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), கொழும்பில் வாங்கியது. கார்பரேட்டரில் எச் என்று ஒரு திருகு இருக்கும். முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். அதை வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும். திருகினேன். மெஷின் புது ஆளாக மாறியது. இரண்டு வருடம் நன்றாக வெட்டியது.

பிறகு எட்டியாந்தோட்டையில் அக்கா வீட்டில் பழைய இறப்பர் மரங்கள் விழுத்திக் கிடந்தன. அத்தான் கேட்டார் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அங்கே காற்று அடர்த்தி. மலைக்காகக் குறைத்து வைத்த பெட்ரோல் அந்தக் காற்றுக்குப் போதாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயிலும் பெட்ரோலோடுதான் வரும், பெட்ரோல் குறைந்தால் ஒயிலும் குறைந்தது என்றுதான் அர்த்தம். சூடு ஏறியது. முக்கால் மணி நேரத்தில் வீலென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குப் பிறகு கயிறு அசையவில்லை.

ஊரில் மெஷின் பழுதுபார்க்கும் அண்ணன் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்: "இது மேல பழகுன மெஷின் தம்பி, கீழ கொண்டுபோனா திருப்பி விடணும்ல?"

எப்படித் திருப்புவது? நான் இப்போது செய்வது இது. முதலில் ஏர் பில்டரைத் துடைத்துவிடுங்கள், அழுக்குப் பில்டரோடு டியூன் செய்தால் கணக்கே தப்பு. மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பாரை மரத்தில் படாமல் பிடித்து முழு வேகம் கொடுங்கள். சுத்தமாக "வீஈஈ" என்று கத்தினால் பெட்ரோல் குறைவு, ஆபத்து. இலேசாகக் கரகரத்து, தொண்டை கட்டினவன் பாடுவது போல இருக்க வேண்டும். அதே வேகத்தில் மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு நீங்கிச் சத்தம் தெளிய வேண்டும். மரத்திலும் கரகரத்தால் பெட்ரோல் கூட. திருகை ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அசைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பெட்ரோல் கூடுதலாகவே இருக்கட்டும். புகை வந்தால் பிளக்கைத் துடைக்கலாம், பிஸ்டனைத் துடைக்க முடியாது.

இதிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, எச் திருகு இருக்கிறதா, வெளியிலிருந்து திருகலாமா என்று கடையிலேயே பாருங்கள். சில சிறிய மெஷின்களில் அது இருக்காது, சிலவற்றில் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். இரண்டு, கொழும்பில் நாலு காசு மலிவு என்றாலும் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வாங்குங்கள். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம். ஸ்டில்லின் எம்-ட்ரொனிக், ஹஸ்க்வர்னாவின் ஓட்டோட்யூன் உள்ள மெஷின்கள் உயரத்துக்குத் தக்கபடி தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் அவை தொழிலுக்கு வெட்டுகிறவர்களின் விலையில் வருபவை. வீட்டு விறகுக்கு அது யானை வாங்குகிற கதை.

படி 3: கட்டையை அளந்து பாருங்கள்

டேப் எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் போங்கள். எங்கள் குவியலில் ஆகத் தடித்த கட்டை 13 இஞ்சிதான். பெரும்பாலானவை எட்டு, ஒன்பது. அதற்கு நான் 22 இஞ்சி பாரைச் சுமந்திருக்கிறேன். 14 அல்லது 16 இஞ்சி பார் போதும். அதைவிடத் தடித்தது எப்போதாவது வந்தால் இரண்டு பக்கமிருந்தும் வெட்டலாம். பார் நீளமானால் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நுனியின் மேல்பக்கம் இன்னொரு கட்டையில் பட்டால்தான் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

சி.சி. ஸ்டிக்கரை நம்பாதீர்கள். என் பழைய பிஸ்டனை அளந்தேன்: விட்டம் 45 மில்லிமீட்டர், மேல் கீழ் ஓட்டம் 34. கணக்குப் போட்டால் 54 சி.சி. வருகிறது. நான்கு சி.சி. ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது.

படி 4: பெட்ரோலா, கரண்டா?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: லோடு இறக்கிய கட்டையை வீட்டு வாசலில் வைத்துத்தான் வெட்டுகிறீர்கள் என்றால் கரண்ட் மெஷின். பெட்ரோல்தான் ஆண்பிள்ளைத்தனம் என்று நினைக்கிற சித்தப்பாமார் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான்: மோட்டார் மூச்சு விடாது. கொழும்பிலும் பீதுருதலாகலை அடிவாரத்திலும் அதற்கு ஒரே பலம். கார்பரேட்டர் இல்லை, கலவை இல்லை, ஒரு மாதம் டேங்கில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோல் இல்லை.

நான் எடுத்தது 1,800 வாட், 16 இஞ்சி, மகிட்டா. சவுக்கில் வெண்ணெய் போல இறங்குகிறது. காய்ந்த டர்பன்டைனில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அழுத்தாமல் அதன் பாரத்துக்கே விட்டுவிட வேண்டும்.

ஆனால் தென்மேல் பருவ மழையில், தூறல் நின்று பனிமூட்டம் மட்டும் இருந்தாலும்கூட, வெளியே எடுக்காதீர்கள். எங்களுக்கு அது வைகாசியிலிருந்து பல மாதம். விறகை மாசியிலேயே வெட்டி அடுக்கிவிடுங்கள், காயவும் நேரம் கிடைக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகுதான் வயரை இழுக்க வேண்டும்.

காட்டுக்குள், தேயிலை மலையில், ரோட்டோரத்தில் வெட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல்தான் வழி. அவர்களுக்கு ஸ்டில் எம்.எஸ். 180 அளவு, அதாவது 32 சி.சி.க்குக் கிட்ட, வீட்டு வேலைக்குப் போதும். தடித்த டர்பன்டைன் நிறைய என்றால் எம்.எஸ். 250, அது 45 சி.சி. மலையில் கொஞ்சம் பலம் போய்விடும் என்பதால் கீழ்நாட்டுக்காரர் வாங்குவதைவிட ஒரு படி பெரியதாக எடுப்பது நியாயம்தான். ஒரு படி மட்டும். எந்தப் பெயராக இருந்தாலும் செயின், பில்டர், கயிறு உங்கள் டவுனிலேயே கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 5: பழைய செயினை எறியாதீர்கள், ஆனால் புதியதில் மாட்டவும் முயலாதீர்கள்

எனக்கு இரண்டு புதிய செயின்கள் மிச்சமிருந்தன. புதிய மெஷினுக்குப் போடலாம் என்று பார்த்தால் பொருந்தவே இல்லை. செயினுக்கு மூன்று அளவு. பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுக்கு இடையே அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. கேஜ்: பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிப்பு. மூன்றாவது, அந்தப் பற்களின் எண்ணிக்கை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். என் பழையது 0.325 பிட்ச், 86 பல். புதியது எட்டில் மூன்று இஞ்சி, உயரம் குறைந்த லோ புரொஃபைல் ரகம். அரமும் மாறும்: பழையதுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், புதியதுக்கு 4 மில்லிமீட்டர். கடையில் "16 இஞ்சி செயின் கொடுங்கள்" என்று கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்சில் வையுங்கள்.

செயினுக்கு விடும் ஒயில்: கராஜில் வடித்த கறுப்பு ஒயிலைத்தான் எல்லோரும் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும், பாரையும் பம்பையும் தின்றுவிடும். புதிய ஒயில் ஊற்றுங்கள். கியர் ஒயில் போலக் கெட்டியானது காலைக் குளிரில் ஓடாது. ஓடுகிறதா என்று பார்க்க, காய்ந்த அட்டைக்கு நேரே பாரைப் பிடித்து ஓட்டுங்கள், கோடாகத் தெறிக்க வேண்டும்.

படி 6: கடதாசி

2019இல் செயின்சோ வைத்திருப்பவர்கள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆகவே பழைய மெஷினைக் கைமாற்றி வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பதிவுக் கடதாசியைக் கேளுங்கள். இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். புதியது என்றால் பில்லையும் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துப் பொலிஸில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுவிடுங்கள். தோட்டத்து மரம் தோட்டத்துடையது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தக் காணியில் நிற்கும் பலாவுக்கும் அனுமதி வேண்டும், அதற்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

பின்னர் சேர்த்தது

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார்: கரண்ட் மெஷின் வாங்கினார்களாம், மாலையில் ஓட்டினால் திணறுகிறது, பிளக்கும் சூடாகிறது. கேட்டுப் பார்த்ததில் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையில்) உள்ள 5 அம்பியர் உருண்டைப் பின்னில் அடப்டர் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 1,800 வாட் மெஷின் 8 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 5 அம்பியரில் போடவே கூடாது, 13 அல்லது 15 அம்பியர் பொயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 25 மீட்டருக்கு மேல் போனால் 2.5. சுருளாக இருந்தால் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருளுக்குள்தான் சூடு பிடிக்கும். லயம் முழுக்க ரைஸ் குக்கர் போடும் நேரத்தில் வோல்டேஜ் விழுவதற்கு வயர் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெட்டுகிறார்களாம், நன்றாக ஓடுகிறதாம்.

இன்னொருவர், புதிய செயின் ஒரே நாளில் மழுங்கிவிட்டது, போலிச் சரக்கா என்று கேட்டார். போலியும் இருக்கலாம். ஆனால் அவர் அனுப்பிய படத்தில் கட்டைகள் எல்லாம் மலையிலிருந்து மண்ணில் இழுத்து வந்தவை, பட்டை முழுக்கச் செம்மண். பட்டையைக் கத்தியால் சீவிவிட்டு, வெட்டும் இடத்தையாவது கழுவி வெட்டுங்கள். அந்த மண்ணுக்கு எந்தச் செயினும் தாங்காது.