ஹாவின் பையில் என்ன இருந்தது? ஊரைவிட்டுப் போன பிள்ளையின் கதையை வகுப்பில் வாசிப்பது எப்படி

பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரைவிட்டுப் போக நேர்ந்த பிள்ளைகளைப் பற்றிய நாவலை வகுப்பில் எப்படி ஆரம்பிப்பது என்று புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். முதல் தடவை நான் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். "உங்க குடும்பம் எங்கிருந்து வந்தது, எழுந்து சொல்லுங்க" என்றேன். நாலைந்து பேர் தாத்தா கப்பலில் வந்த கதையை ஆசையாகச் சொன்னார்கள்; ஒரு பிள்ளை மட்டும் குனிந்த தலை நிமிராமல் மேசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை கிடைக்காமல் அல்லாடும் வீடுகள் நம்மிடையே உண்டு என்று தெரிந்திருந்தும் அப்படிக் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொந்தக் கதை கேட்பதில்லை. புத்தகத்துப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுவோம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

1. புத்தகம்

நான் எடுப்பது தான்ஹா லாய் எழுதி 2011இல் வந்த 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. நாவல்தான், ஆனால் முழுக்கச் சின்னச் சின்னக் கவிதைகள். பத்து வயது ஹா 1975இல் அம்மாவோடும் மூன்று அண்ணன்களோடும் வியட்நாமின் சைகோனில் கப்பலேறி, கடைசியில் அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ச் சேருகிறாள். எழுதியவரும் அதே வயதில் அங்கே போனவர்தான். முழுவதையும் வாசிக்க நேரம் கிடைக்காது, ஐந்தாறு கவிதைகள் போதும்: பப்பாளி மரம், பை கட்டுவது, கப்பல், அலபாமாவில் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் ஒரு தடவை, உங்கள் தமிழில் ஒரு தடவை வாசியுங்கள்.

2. பை

வாசிப்பதற்கு முன்னால் ஆளுக்கு அரைத்தாள் கொடுங்கள். "ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும், உடுப்பும் சோறும் அம்மா கட்டிவிட்டார், உன் விருப்பத்துக்கு ஒரே ஒரு பொருள் எடுக்கலாம், எது?" ஐந்து நிமிடம். எழுதியதை மடித்து அவரவர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் வாங்க வேண்டாம். யாராவது கட்டாயம் கைப்பேசி என்பார்கள். சரி, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் ஹா எடுத்ததை வாசியுங்கள்: எலி கன்னத்தைக் கடித்துவைத்த பொம்மை. அந்த இடத்தில் வகுப்பு தானாக அமைதியாகிவிடும்.

3. பள்ளிக்கூடக் கவிதைகள்

அதிக நேரம் இங்கே செலவழியுங்கள். சைகோனில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் அலபாமாவில் ஏ, பி, சி ஒப்பிக்கிறாள், எண்ணிக் காட்டுகிறாள், தான் முட்டாளோ என்று அவளுக்கே தோன்றிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் இடைநிலைப்பள்ளி முதல் வருடமான படிவம் 1இல் எல்லாம் மலாயில் நடக்கும்போது வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதையும், படிவம் 1க்கு முன்னால் மலாய் தேற வைக்கும் பெராலிஹான் வகுப்பில் ஒரு வருடம் போனதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஹாவுக்குத் தெரிந்ததையெல்லாம், மறுபக்கம் அந்த வகுப்பு அவளிடம் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஹாவுக்குத் தெரிந்ததை எழுதிய பக்கம் நிரம்பி வழியும்.

4. வாயில் வரும் சொற்கள்

பேச்சு சூடானதும் யாரோ ஒருவன் வங்காளதேசத்தவரை 'பங்களா' என்றும் இந்தோனேசியரை 'இந்தோன்' என்றும் இளக்காரமாகச் சொல்வான். திட்டாதீர்கள். நம்மை நோக்கி என்ன சொல் வந்திருக்கிறது என்று கேளுங்கள். 'பெண்டாத்தாங்' என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வரும். வந்தேறி என்ற அந்தச் சொல்லை இங்கேயே பிறந்த தன் அப்பாவும் கேட்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

5. வரைபடம்

வரைபடத்தில் இரண்டு தீவுகளைக் காட்டுங்கள், பத்து நிமிடம் போதும். பினாங்குப் பாலத்திலிருந்து தெரியும் ஜெரஜாக் தீவு, கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து தனிமைப்படுத்தி வைத்த இடம். திரங்கானுவுக்கு அப்பால் பிடோங் தீவு, 1978 முதல் 1991 வரை வியட்நாம் அகதிகள் முகாம் இருந்த இடம். ஹா பிடோங்குக்கு வரவில்லை, அவளுடைய கப்பல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுப் பக்கம் போனது, அதைக் குழப்பிவிடாதீர்கள். கங்காணி ஆள் சேர்த்துத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பாட்டியையும், போரில் தப்பி ஓடிய ஹாவையும் ஒன்றாக்கிவிடவும் வேண்டாம். இன்றைய அகதிப் பிள்ளைகள் ஏன் நம் பள்ளியில் இல்லை என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அவர்களுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை, சமூகக் கல்வி மையங்களில் படிக்கிறார்கள்.

6. எழுதுவது

பாக்கெட்டில் இருக்கும் தாளை எடுத்து, அந்தப் பொருளே பேசுவதுபோலப் பன்னிரண்டு வரி. வரி சின்னதாக இருக்கட்டும். வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பம், மதிப்பெண் கிடையாது.

மணி அடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் மேசையை ஒழுங்குபடுத்துவதுபோல் அங்கேயே இருங்கள். "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு பிள்ளை பின்தங்கி நின்றால் உட்காரவைத்துக் கேளுங்கள். பிறப்புப் பத்திர விஷயமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு பள்ளி ஆலோசகரிடம் மட்டும் பேசுங்கள், ஆசிரியர் அறையில் வேண்டாம்.