வெளிநாட்டு விமான நிலையத்தில் கார் வாடகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு விமான நிலையங்களில் கார் வாடகை கவுன்டரின் முன்னால் வரிசையில் நிற்கும்போதெல்லாம், தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே பிழைகளைப் புதியவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். உரிமத்தை மறந்துவிட்டு வருவது போன்ற வெளிப்படையான பிழைகளை விட்டுவிட்டு, பணத்தை விழுங்கும் பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பிணைத்தொகையைப் பாராமல் முன்பதிவு செய்வது

இணையத்தில் வாடகையை முழுவதும் கட்டிவிட்டால் சாவியை வாங்குவது மட்டுமே மிச்சம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் வாடகையோடு பெரும்பாலும் சேர்ந்தே வரும் 'சி.டி.டபிள்யூ.' என்ற ஏற்பாடு, கார் சேதமடைந்தால் ஒரு வரம்புக்கு மேற்பட்ட செலவிலிருந்து மட்டுமே நம்மை விடுவிக்கிறது. அந்த வரம்பு வரையிலான தொகை, அதாவது 'எக்ஸஸ்', நம் பொறுப்பு. அது ஆயிரம் யூரோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். சாவியைத் தருவதற்கு முன் அதற்கு ஈடான தொகையைப் பிணைத்தொகையாக நம் கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள். அந்த அட்டை முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் பணம் ஏற்றிய பயண அட்டையையும் பல நிறுவனங்கள் இதற்கு ஏற்பதில்லை.

என்னோடு பயணம் செய்த உறவினர் ஒருவர், எக்ஸஸ் தொகையைத் திருப்பித் தரும் காப்பீடு ஒன்றை வேறொரு நிறுவனத்திடம் மலிவாக வாங்கிவிட்டு, இனிப் பிணைத்தொகை தேவைப்படாது என்ற நம்பிக்கையில் வந்திருந்தார். அத்தகைய காப்பீடு, சேதத்துக்கு நாம் முதலில் பணம் கட்டிய பிறகே அதைத் திருப்பித் தரும் என்பதால், வாடகை நிறுவனத்தைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். அவருடைய அட்டையின் வரம்பிலோ ஒரு பகுதியை விடுதி ஏற்கெனவே முடக்கியிருந்தது, மிஞ்சியது போதவில்லை. நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது, குழந்தைகள் பெட்டிகளின் மேலேயே உறங்கிவிட்டார்கள், முன்பதிவைக் கைவிட்டால் கட்டிய வாடகை திரும்பாது. கடைசியில், எக்ஸஸைப் பூச்சியமாக்கும் அந்த நிறுவனத்தின் சொந்தத் திட்டத்தை, காரின் நாள் வாடகையை விடக் கூடுதலான கட்டணத்துக்கு, பயண நாட்கள் முழுவதற்கும் அவர் வாங்க வேண்டியதாயிற்று.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. பிணைத்தொகை எவ்வளவு, எந்த அட்டை செல்லும் என்ற விவரம் முன்பதிவு விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாடகையைப் பெரிய எழுத்தில் காட்டும் நிறுவனங்கள், அதைப் போல் பல மடங்கான பிணைத்தொகையைத் தேடிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வைக்கின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பகுதியைப் படித்து, அட்டையில் அத்தனை வரம்பு மீதமிருக்குமா என்று கணக்கிடுங்கள். காரைத் திருப்பித் தந்த பிறகும் முடக்கம் நீங்கப் பல நாட்கள் ஆகலாம் என்பதால், மீதிப் பயணச் செலவுக்கு அந்த வரம்பை நம்ப வேண்டாம். வெளிக் காப்பீடு வாங்கினால் வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுதுச் செலவுப் பட்டியல், அட்டைக் கணக்கு அறிக்கை ஆகிய நான்கையும் பத்திரப்படுத்துங்கள். எந்தத் திட்டமானாலும் டயர், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பகுதி ஆகியவை அதில் அடங்குமா என்று கேளுங்கள். தவறான எரிபொருளை நிரப்பியதால் வரும் பழுதைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிகள் எல்லாம் ஒன்றே என எண்ணுவது

நம் உரிமத்தோடு வெளிநாட்டில் காட்ட வேண்டிய இந்த அனுமதியில், சாலைப் போக்குவரத்து பற்றிய 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒன்றும், 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி மற்றொன்றும் வழங்கப்படுகின்றன. ஜப்பான் 1949ஆம் ஆண்டு மாதிரியை மட்டுமே ஏற்கிறது. எந்த மாதிரியாக இருந்தாலும், அசல் உரிமம் உடன் இல்லையென்றால் அது செல்லாது.

இருட்டு வாகன நிறுத்தத்தில் அவசரமாகக் கையெழுத்திடுவது

காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, கூரை, எரிபொருள் அளவு ஆகியவற்றைப் படமெடுத்த பிறகு, படிவத்தில் இல்லாத கீறல்களை ஊழியரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். அலுவலகம் மூடிய பின் காரைத் திருப்பி விட்டு, சாவியைப் பெட்டியில் போட்டுச் செல்பவர்களும் இதேபோல் படமெடுக்க வேண்டும். ஊழியர் காரைச் சோதித்து ஏற்கும் வரை பொறுப்பு பெரும்பாலும் நம்முடையதாகவே நீடிக்கிறது.

விமான எண்ணைத் தராமல் விடுவது

விமானம் தாமதமானது தெரியாமல், வாடகை நிறுவனம் நம்மை வராதவர் என்று முடிவு செய்து காரை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

எரிபொருள்

நிரம்பிய நிலையில் பெற்று, நிரப்பியே திருப்பித் தரும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நாணயம்

கார் எடுக்கும் நாட்டின் நாணயத்திலேயே கட்டுங்கள்.

சாலை விதிகளை நிறுவனம் சொல்லிவிடும் என்று நம்புவது

ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நெடுஞ்சாலைகளுக்கு 'விக்னெட்' எனும் கட்டண வில்லை வேண்டும். பக்கத்து நாட்டில் எடுத்த காரில் அது இருக்கும் என்று எண்ணக் கூடாது. எல்லையைத் தாண்டவே சில நிறுவனங்களிடம் முன் அனுமதி பெற வேண்டும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் 'இசட்.டி.எல்.' எனப்படும் கட்டுப்பாட்டு வட்டாரங்களுக்குள் அனுமதியின்றி நுழையும் கார்களைக் கேமராக்கள் பதிவு செய்கின்றன. ஓட்டியவரின் விவரத்தை அதிகாரிகளுக்கு அளித்ததற்காக வாடகை நிறுவனம் முதலில் அட்டையில் ஒரு கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அபராதம் அதற்குப் பல மாதங்கள் கழித்துத் தனியாக வீட்டுக்கு வரும்.