அருங்காட்சியகத்தில் விண்வெளி ஆவணப்படமும் அறிஞர் உரையும்: ஏற்பாடு செய்வது எப்படி?

படம் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரைத் தேடிப் பிடிப்பதே இத்தகைய நிகழ்ச்சியின் முதல் வேலை. அரங்கம், திரை, அழைப்பிதழ் ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகுதான். நிலவுப் பயணம் பற்றிய படத்தைக் காட்டிவிட்டு, விண்வெளித் துறையின் வரலாறு முழுவதையும் பொதுவாகப் பேசும் ஒருவரை மேடையேற்றினால், பார்வையாளர் மனத்தில் அப்போதுதான் எழுந்த ஐயங்கள் கேட்கப்படாமலே போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'அப்பல்லோ 11' ஆவணப்படம், பின்னணி வருணனை எதுவுமின்றி, 1969இல் மனிதர் முதன்முதலில் நிலவில் இறங்கிய அந்தப் பயணத்தின்போது எடுத்த படச்சுருள்களையும் ஒலிப்பதிவுகளையும் மட்டுமே கொண்டு தொகுக்கப்பட்டது. முழுப்படம் 93 நிமிடம் ஓடும். அருங்காட்சியகங்களுக்கென்றே 47 நிமிடப் பதிப்பு ஒன்றும் உண்டு. உரையும் கேள்வி நேரமும் சேரும் நிகழ்ச்சிக்குக் குறும்பதிப்பே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய கடைசி நிமிடங்களில் கணினி எச்சரிக்கை ஒலித்தது, எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது, பாறைகள் நிறைந்த இடத்தைத் தவிர்க்க ஆம்ஸ்ட்ராங் கலத்தின் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். இதை அறியும் மாணவருக்கு, மனிதரே இல்லாத சந்திரயான்-3 எப்படி இடம் பார்த்து இறங்கியது என்ற கேள்வி தானாக எழும். சந்திரயான்-2இன் தரையிறங்கி 2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கியதையும், 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 மெல்லத் தரையிறங்கியதையும் அடுத்தடுத்து வைத்து, ஆபத்தான இடங்களைக் கண்டறியும் கேமராவும் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் நான்கு எஞ்சின்களும் என்ன செய்தன என்று விளக்கக்கூடியவரே அன்றைக்கு வேண்டிய பேச்சாளர்.

அத்தகையவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்தில் நிகழ்ச்சி என்றால், திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் எஞ்சின்களை இஸ்ரோ சோதிக்கும் மகேந்திரகிரி வளாகம் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பணியில் உள்ள விஞ்ஞானிகள் பொது மேடையில் பேச அலுவலக அனுமதி தேவை. ஆகவே நிறுவனத் தலைவருக்கு முறையாகக் கடிதம் எழுதி, குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். ஓய்வு பெற்றவர்களை அழைப்பது இதைவிட எளிது. அவர்கள் மனம் திறந்து பேசவும் செய்வார்கள். இரண்டாவது பேச்சாளராக வேறு துறையினர் ஒருவரை, குறிப்பாகப் புவியியல் பேராசிரியர் ஒருவரை அழைக்கலாம். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. சந்திரயான் கலங்களைச் சோதிக்க அந்தப் பகுதிப் பாறையைப் பொடித்துத்தான் நிலவு மண்ணுக்கு மாற்று தயாரிக்கப்பட்டது. வெளிறிய அந்தக் கல்லில் ஒரு துண்டைப் பேராசிரியர் கையோடு கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கைமாற விட்டால், அரை மணி நேரப் படவிளக்கத்தைவிட அது ஆழமாகப் பதியும். பொருளைக் காட்டிப் பேசுவதுதானே அருங்காட்சியகத்தின் வழி! பேச்சாளர்கள் இருவருக்கும் படத்தை முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் எந்தக் காட்சியிலிருந்து பேச்சைத் தொடங்கப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரையிடும் உரிமையில் அலட்சியம் கூடாது. வீட்டில் பார்க்க வாங்கிய வட்டோ, ஓடிடி சந்தாவோ பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. உரிமையாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்துமூலம் தனி அனுமதி பெற வேண்டும். பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் பற்றிய கேள்வியும் வரும் என்பதால், அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். நாசாவின் சொந்தப் படப்பதிவுகளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அவற்றில் சேர்க்கப்பட்ட இசை பிறருக்கு உரியதாக இருக்கலாம்.

விண்வெளிப் படத்துக்கு அரங்கின் இருட்டே உயிர். ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை உமிழ முடியாது. ஒளி விழாத திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அவ்வளவுதான் கறுப்பு. சாளர இடுக்கில் கசியும் மாலை வெயிலும் காட்சிப் பெட்டிகளுக்குள் எரியும் விளக்குகளும் கருவானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே, நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், முந்தைய நாளே படத்தின் மிக இருண்ட காட்சியை ஓட்டிப் பாருங்கள். கல்தளம் போட்ட உயரமான கூடங்களில் எதிரொலி அதிகம். தடித்த திரைச்சீலைகளும் விரிப்புகளும் அதை ஓரளவு உறிஞ்சும். அக்காலத்து வானொலி உரையாடல்கள் ஆங்கிலம் நன்கு அறிந்தவருக்கே தெளிவாகக் கேட்பதில்லை என்பதால், தமிழ் வசன வரிகள் இன்றியமையாதவை. சில மென்பொருள்களில் 'கொ' என்ற எழுத்து கொம்பும் காலும் சிதறி உடைந்து தெரியும். உரிமையாளரின் இசைவுடன், வரிகளைப் படத்தோடு சேர்த்துப் பதித்த கோப்பையே பயன்படுத்துங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

நம் விழா மரபுப்படி வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று வரிசையாகத் தொடங்கினால், விளக்கை அணைக்கும் முன்பே பிள்ளைகள் களைத்துப்போவார்கள். மாலை 5 மணிக்கு ஐந்து நிமிட வரவேற்பு, உடனே படம், பத்து நிமிட இடைவேளை, ஆளுக்குப் பதினைந்து நிமிட உரை, அரை மணி நேரக் கேள்வி என்று வைத்துக்கொண்டால் 7 மணியளவில் முடித்துவிடலாம். சிறப்பு செய்வதை இறுதியில், நன்றியுரையோடு சேர்த்துக்கொள்ளலாம். இடைவேளையில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்துக் கேள்விகளை எழுதி வாங்குங்கள். எழுந்து நின்று ஒலிவாங்கியைப் பிடிக்கக் கூசும் மாணவிகளின் கேள்விகள், பெரும்பாலும் மிகக் கூர்மையானவை, இப்படித்தான் மேடைக்கு வந்து சேரும். ஒரே பொருள் பற்றிய சீட்டுகளை ஒன்றாக அடுக்கிக் கேட்கும் பொறுப்பை, பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

முற்றத்தில் தொலைநோக்கி வைக்க எண்ணினால், தேதியை நிலவைப் பார்த்துக் குறியுங்கள். பௌர்ணமியன்று நிழலே இல்லாமல் நிலவின் முகம் தட்டையாகத் தெரியும். வளர்பிறைச் சப்தமியை ஒட்டிய நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு துல்லியமாகத் தெரிவதோடு, நிலவு மாலையிலேயே உயரத்தில் இருக்கும். அஷ்டமியைத் தவிர்க்க விரும்புவோர் சஷ்டியிலேயே நடத்தலாம். அப்பல்லோ 11 இறங்கிய, 'அமைதிக் கடல்' எனப்படும் நிலவுச் சமவெளியின் பெரும்பகுதி அந்நாட்களில் ஒளிபட்ட பக்கத்தில் இருக்கும். அங்கே விடப்பட்ட கலத்தின் அடிப்பகுதி பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாத அளவு சிறியது என்பதை வரிசையில் நிற்பவர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வானை மூடும் என்பதால், தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை.

நேரமின்மையால் கேட்கப்படாத சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றைப் பேச்சாளர்களுக்கு அனுப்பிப் பதில் பெற்று, ஒரு வாரத்துக்குள் அருங்காட்சியக நுழைவாயில் பலகையில் ஒட்டி, மாணவர்களை அழைத்து வந்த பள்ளிகளுக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.