உடம்பு பருமனாக இருக்கும்போது மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்: எதைக் கேட்பது, எப்படி முடிவெடுப்பது

முதலில் ஒன்று. "வெயிட்டைக் குறைத்துவிட்டு வந்து ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன்" என்று கேன்சர் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டியை எடுப்பது ஒரு முடிவு, மார்பகத்தை மறுபடி உருவாக்குவது வேறொரு முடிவு. முதலாவது காத்திருக்காது. இரண்டாவது ஆறு மாதம் கழித்தும் செய்யலாம், ஐந்து வருஷம் கழித்தும் செய்யலாம், செய்யாமலே விட்டுவிடலாம். ரிப்போர்ட் கையில் வந்த வாரத்திலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் பயம் இரட்டிப்பாகிறது.

என் அக்காவுக்கு நோய் வந்தபோது எடை 90 கிலோவைத் தாண்டியிருந்தது, சுகரும் உண்டு. முதலில் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உங்க உடம்புக்கு ரீகன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் ஒத்து வராதும்மா" என்று, மார்பகத்தை மறுபடி உருவாக்கும் பேச்சையே முடித்துவிட்டார். அது உண்மையாகவே இருந்தாலும், ஏன் ஒத்து வராது, இப்போது மட்டும் வராதா, எப்போதுமே வராதா என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. எடை கூடினால் ஆபரேஷனில் ஆபத்து கூடுவது நிஜம்: புண்ணில் தொற்று, தையல் பிரிவது, உள்ளே நீர் சேர்வது, காலில் ரத்தம் உறைவது எல்லாமே கொஞ்சம் அதிகம். அதற்காக உங்களுக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது, திட்டம் வேறு மாதிரி போட வேண்டும், அவ்வளவுதான்.

முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா?

இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மார்பகம் முழுவதையும் எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்று நம் ஊரில் இன்னமும் நினைக்கிறார்கள். 1970களில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய இரண்டு பெரிய ஆய்வுகள், அந்தப் பெண்களை 20 வருஷம் பின்தொடர்ந்து 2002ல் முடிவை வெளியிட்டன. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வைத்தவர்களும், மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் உயிர் பிழைத்திருந்த அளவில் வித்தியாசமே இல்லை. மார்பகத்துக்குள்ளேயே பல இடங்களில் கட்டி இருந்தாலோ, ரேடியேஷன் வைக்க முடியாத நிலை என்றாலோ முழுதாக எடுக்க வேண்டி வரும். அதை டாக்டர் உங்கள் ஸ்கேனைக் காட்டி விளக்கட்டும்.

மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு, இதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. கட்டியோடு சேர்த்து மார்பகத்தின் அளவையும் குறைத்து, அதே நாளிலோ பிறகோ மறுபக்கத்தையும் அதற்குச் சமமாகக் குறைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. ஆன்கோபிளாஸ்டிக் என்பார்கள். சின்ன மார்பில் பள்ளம் விழுந்துவிடும் அளவுள்ள கட்டியைக்கூட இதில், சுற்றிலும் கேன்சர் இல்லாத சதையையும் ஓரமாகச் சேர்த்து, எடுக்க முடியும். ரேடியேஷன் சமயத்தில் பெரிய மார்பின் அடி மடிப்பில் தோல் வெந்து உரிவது குறையும், தோள்பட்டை வலியும் கழுத்து வலியும்கூடக் குறையும். எல்லா மருத்துவமனையிலும் செய்ய மாட்டார்கள். "இங்கே ஆன்கோபிளாஸ்டிக் செய்கிற சர்ஜன் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

முழுதாக எடுப்பதென்றால்

இம்ப்ளான்ட் வைப்பது, அதாவது மார்பகத்துக்குப் பதிலாகச் செயற்கைப் பை ஒன்றை உள்ளே வைப்பது, சின்ன ஆபரேஷன் மாதிரி தெரியும், ஆனால் பருமனான உடம்பில் அது அவ்வளவு எளிதில்லை. பெரிய இம்ப்ளான்டே சுமார் 800 மில்லி அளவுதான், அகலமான நெஞ்சில் அது எடுப்பாகவும் தெரியாது, மறுபக்கத்தோடு பொருந்தவும் செய்யாது. தொற்று வந்து இம்ப்ளான்டையே வெளியே எடுக்க வேண்டிய நிலை எடை கூடியவர்களுக்கு அதிகம். ரேடியேஷனும் சேர்ந்தால் அதைச் சுற்றி இறுகிப்போய் வலிக்கும்.

சொந்தச் சதையில் செய்வது இன்னொரு வழி. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து நெஞ்சில் பொருத்துவது டீப் ஃப்ளாப், முதுகுத் தசையைக் கொண்டுவருவது எல்டி ஃப்ளாப். நாளடைவில் பார்த்தால் பருமனானவர்களுக்கு இம்ப்ளான்டைவிட இதுவே நிலைத்து நிற்கிறது. ஆனால் டீப் ஃப்ளாப் 6 முதல் 8 மணி நேரம் மயக்கத்தில் இருக்க வேண்டிய ஆபரேஷன், வயிற்றுத் தையல் ஆற நாளாகும். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35ஐத் தாண்டினால் பல சர்ஜன்கள் தயங்குவார்கள், 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. புண் ஆறாமல் போய் கீமோவும் ரேடியேஷனும் தள்ளிப்போனால் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவது வழி, எதுவும் வைக்காமல் தட்டையாக மூடிவிடுவது. இதைத் தேர்ந்தெடுப்பவர்களை "விட்டுக்கொடுத்துவிட்டாள்" என்று யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். ஆனால் பருமனானவர்கள் இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசியாக வேண்டும். தையல் அக்குள் பக்கம் முடிகிற இடத்தில் தோலும் கொழுப்பும் ஒரு மடிப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கையைக் கீழே விட்டால் அது உரசும், பிளவுஸின் கைக்குழி அதன்மேல் ஏறி உட்காரும், வேர்வையில் எரியும். அக்கா வலியைவிட இதைத்தான் அதிகம் சொல்லிப் புலம்பினாள். ஆபரேஷன் போதே அந்த மடிப்பையும் சேர்த்து எடுத்துத் தைக்க முடியும், ஆனால் சர்ஜன் அதை முன்பே திட்டமிட வேண்டும். ஆகவே "பக்கவாட்டில் மடிப்பு இல்லாமல் மூடுவீர்களா?" என்று கேளுங்கள், உங்களை உட்காரவும் நிற்கவும் வைத்துப் பார்த்து மார்க்கரில் கோடு போடச் சொல்லுங்கள். படுத்தால் எல்லாம் பரவிவிடும், மடிப்பு தெரியாது. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு, மிஞ்சிய தோலையும் அடியில் உள்ள கொழுப்பையும் மடித்து ஒரு சின்ன மேடு உருவாக்கும் கோல்டிலாக்ஸ் என்ற முறையும் இருக்கிறது. இம்ப்ளான்டும் வேண்டாம், வேறு இடத்தில் வெட்டும் வேண்டாம் என்பவர்கள் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்

மார்புக்கு அடியிலும் வயிற்று மடிப்பிலும் அரிப்பு, படை, சிவப்பு இருந்தால் கூச்சப்படாமல் காட்டிவிடுங்கள். கத்தி படுகிற இடத்துக்குப் பக்கத்தில் பூஞ்சைத் தொற்றை வைத்துக்கொண்டு போகக் கூடாது, மருந்து போட்டால் சரியாகிவிடும். சுகர் கட்டுக்குள் வரட்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் மயக்க டாக்டரிடம் அதை அவசியம் சொல்லுங்கள், அதற்காகத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் சிபாப் என்ற மூச்சு மெஷின் வைத்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கம் கொடுக்கும்போது ஆபத்து. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றே நிறுத்த வேண்டும், நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பொருத்திய சதையையும் தையலையும் கெடுக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டை கையைச் சுற்றி இறுக்கமாகத் திணறினால் பெரிய பட்டை கேளுங்கள், சின்னதில் பிரஷர் அதிகமாகக் காட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். "முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது" என்று பத்தியம் வைப்பார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். எடை குறையட்டும் என்று இந்த நேரத்தில் பட்டினி கிடப்பது தப்பு.

பிறகு

உள்ளே சேரும் நீர் வடிய ஒன்றோ இரண்டோ டியூப் போட்டு அனுப்புவார்கள். வடிந்த நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள், பருமனானவர்களுக்கு இது சில நாள் கூடுதலாக இழுக்கும், பதற வேண்டாம். நைட்டிக்குள் கழுத்திலிருந்து ஒரு துணிப் பை தொங்கவிட்டு அதில் டியூப்பை வைத்துக்கொண்டால் இழுபடாது. அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடங்கள். உறைவைத் தடுக்கும் ஊசி எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், சிவப்பு, கெட்ட வாடை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருந்தால் கை வீக்கம் வரும் வாய்ப்பு எடை கூடியவர்களுக்கு அதிகம். எல்லா நெறிகளையும் எடுக்க வேண்டுமா, கேன்சர் முதலில் போய்ச் சேரக்கூடிய சென்டினல் நெறியை மட்டும் சோதித்தால் போதுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். வளையல் இறுகுவதுதான் பல பேருக்குத் தெரிகிற முதல் அறிகுறி.

கீமோ போடும்போது ஒரு கேள்வி: "டோஸ் என் முழு எடைக்குக் கணக்குப் போட்டதா?" பருமனானவர்களுக்குத் தாங்காது என்று பயந்து குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. உண்மையான எடைக்கே முழு டோஸ் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் அமைப்பான ஆஸ்கோ 2012லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது.

மறுபடி உருவாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள், ரேடியேஷன் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது கழித்து பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். அதற்குள் எடை கொஞ்சம் குறைந்து ஒரே நிலையில் நின்றால் வழிகள் கூடும். இன்ஷூரன்ஸில் அழகுக்கான ஆபரேஷன் என்று மறுத்துவிடாதபடி, இது புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, முன் அனுமதி கேளுங்கள். டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும் என்பதால் ஃப்ளாப் ஆபரேஷனுக்கு முன் அதைச் சில வாரம் நிறுத்தச் சொல்லலாம். அதைக் கேன்சர் டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.