பிள்ளையின் ஜூஸ் பெட்டியில் எத்தனை கரண்டி சீனி?

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஜூஸ் பெட்டியோ பால் பக்கெட்டோ வாங்கமுதல், பின்பக்கத்தில் உள்ள சீனி அளவை 4ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது தேக்கரண்டிக் கணக்கு. 100 மில்லிக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால் 200 மில்லிப் பெட்டியில் 20 கிராம், அதாவது 5 தேக்கரண்டி. எங்கள் தேத்தண்ணிக்கே அவ்வளவு போடமாட்டோம்!

"கிராம்" என்றால் கண்ணுக்குத் தெரியாது, கரண்டி என்றால் தெரியும். அதனால்தான் இது வேலை செய்கிறது. வகுக்க நேரமில்லாவிட்டால் சீனி அளவைக் காட்டும் நிறக்குறியைப் பாருங்கள்: இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களுக்கு அது கட்டாயம். சிவப்பென்றால் திரும்ப வைத்துவிடலாம். பச்சையென்றாலும் செயற்கை இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று வாசியுங்கள். இரண்டு வயதுக்குள் சேர்த்த சீனியே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. திருகோணமலை வெயிலுக்குக் கொதித்தாறிய தண்ணி போதும். பசிக்கு வாழைப்பழம், பப்பாசி, பாணி விடாத மூதூர்ச் சட்டித் தயிர்.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வெறும் பாலில் காட்டும் சீனி பாலுக்கே உரியது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியில் சீனி இருக்கத்தான் வேண்டும், அதைக் குறைக்கக்கூடாது. லேபிள் இல்லாத பேக்கரிச் சாமானுக்கும் இது உதவாது. கடற்கரையில் விற்கும் வறுத்த கச்சானில் சேர்த்த சீனி இல்லை, ஆனால் முழுக் கச்சான் சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். ஐந்து வயதுவரை கொடுக்காதீர்கள்.