அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பிஎச்.டி: விண்ணப்பமும் உதவித்தொகையும்

வெளிநாட்டில் பிஎச்.டி என்றதும் பலரும் முதலில் ஸ்காலர்ஷிப் தேடத்தான் இறங்குகிறார்கள். அமெரிக்காவுக்கு அது தேவையில்லை. அங்கே நல்ல துறைகள் இடம் கொடுக்கும்போதே கல்விக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, செலவுக்கு உதவித்தொகையும் தருகின்றன. வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கு உத்தரவாதம் உண்டு. பதிலுக்கு வகுப்பு உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்ய வேண்டும். இந்த உதவித்தொகைக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பமே கிடையாது. பணம் தராமல் வெறும் இடம் மட்டும் கொடுத்தால் சேராதீர்கள். கடன் வாங்கிச் செய்கிற படிப்பில்லை இது.

பட்டியல்

கடைசித் தேதிகள் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி நடுவரை வரும். ஜூனிலேயே ஆரம்பித்துவிடுங்கள். தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். உங்கள் தலைப்பில் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியர்கள் இரண்டு பேராவது இருக்கும் துறைகளை மட்டும் எடுங்கள். எக்ஸெல்லோ கூகுள் ஷீட்டோ, ஏதாவது ஒன்றில் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஜோடேரோ (Zotero) என்ற மென்பொருளே போதும். இலவசம், ஆய்வுக்காலம் முழுக்கக் கூடவே வரும்.

நோக்க அறிக்கை

பலர் சறுக்குவது இங்கேதான். "சிறு வயதிலிருந்தே எனக்கு அரசியலில் ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் அறிக்கை எடுபடாது. தேர்வுக்குழு தேடுவது ஒரு கேள்வியை.

"இந்தியாவில் பெண்களின் அரசியல் பங்கேற்பைப் படிக்க விரும்புகிறேன்" என்பது தலைப்பு மட்டுமே. இப்படி மாற்றிப் பாருங்கள்: ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சுழற்சியில் அந்த ஒதுக்கீடு நீங்கிய பிறகு, சில ஊர்களில் பெண்கள் மறுபடி நின்று ஜெயிக்கிறார்கள், சில ஊர்களில் வேட்புமனுவே போடுவதில்லை. ஏன்? இப்போது கேள்வி வந்துவிட்டது. அடுத்து, இதற்கு ஏற்கெனவே என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள், அதில் எது போதவில்லை, எந்தத் தரவை வைத்து நீங்கள் பதில் தேடுவீர்கள் என்று எழுதுங்கள். அந்த வேலைக்கு அந்தத் துறை ஏன் பொருத்தம் என்பதற்குக் கடைசியில் ஒரு பத்தி. இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம்.

மற்ற ஆவணங்கள்

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். துணைவேந்தரின் கடிதத்தைவிட, உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய ஆசிரியரின் கடிதத்துக்கே மதிப்பு அதிகம். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கடிதத்தைப் பதிவேற்றப் பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு அவர்கள் மின்னஞ்சலில் ஸ்பாமுக்குள் விழுந்திருக்கலாம், ஞாபகப்படுத்துங்கள். மதிப்பெண் சதவீதத்தை நீங்களாகவே ஜிபிஏ (அமெரிக்க முறை மதிப்பெண் சராசரி) ஆக மாற்றாமல் அப்படியே கொடுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகு

உதவித்தொகையின் மொத்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? கோடைக்குப் பணம் உண்டா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள்? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்புக்காலத்தில் வாரம் 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், வெளியே போய்ப் பகுதிநேர வேலை பார்க்க முடியாது. அதனால் கோடையில் விழும் ஓட்டை உள்ளூர் மாணவர்களைவிட நமக்குத்தான் பெரிது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால், வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் எத்தனை ஆண்டுக்குத் தள்ளுபடி என்றும் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் அமெரிக்க மாணவர்கள் ஓராண்டில் அந்த மாநிலத்தவர் ஆகி அந்தக் கட்டணத்திலிருந்து தப்பலாம், எஃப்-1 மாணவர்களால் முடியாது.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் காட்டும் ஆண்டுச் செலவைவிட உதவித்தொகை குறைந்தால், மீதியை நீங்கள் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகையோடு இடம் தந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு. அவசரப்படுத்தினாலும் அசராதீர்கள். வேறு துறை கூடுதலாகத் தந்திருந்தால் அதைச் சொல்லி மரியாதையாகக் கேட்கலாம்.

பின்சேர்க்கை: ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு பற்றியே நிறையப் பேர் கேட்கிறீர்கள். கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. துறையின் பக்கத்தில் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்த பிறகே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 100 டாலரை ஒட்டி வரும். அதற்கு விலக்கு உண்டா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள். கட்டிய பிறகு பொதுவாகத் திருப்பித் தருவதில்லை.