கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸை அறிமுகப்படுத்துவது எப்படி?

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸுக்குக் கல்லூரிகளில் அறிமுக வகுப்பு எடுப்போர் பலரும், 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்ததில் தொடங்கி, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையக்கருவான கெர்னலை வெளியிட்டது வரை மதியம்வரை பேசிவிட்டு, மாலையில் அவசர அவசரமாக மடிக்கணினிகளில் நிறுவித் தருகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. மாணவர் தம் அன்றாட வேலை ஒன்றை லினக்ஸில் தாமே செய்து முடித்த பிறகுதான் நிறுவுவதைப் பற்றிப் பேச வேண்டும். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதில் என்ன செய்யலாம் என்று காட்ட ஆளில்லாததால், அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மாணவர்கள் பலர்.

முதலில் ஒரே ஒரு வழங்கலை (தேவையான மென்பொருள்களோடு தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வகையை) தேர்ந்தெடுங்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று பட்டியலிட்டால் புதியவர் குழம்பிப் போவார். விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் சின்னமன் பதிப்பு பொருந்தும். 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள பழைய கணினிகளுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். கல்லூரி இணையத்தை நம்பாமல் லினக்ஸ் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை முன்கூட்டியே பதிவிறக்கி, அது பிழையின்றி இறங்கியதா என்று அதன் ஷா256 எண்ணைக் கொண்டு சரிபார்த்து, 8 ஜிபி பென்டிரைவ்களில் எட்சர் அல்லது ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் எல்லோரும் பென்டிரைவிலிருந்தே லைவ் முறையில், அதாவது நிறுவாமலேயே, கணினியை இயக்கட்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பி-யில் எஃப்9 விசையை அழுத்தினால், எதிலிருந்து இயங்க வேண்டும் என்று கேட்கும் பூட் பட்டியல் வரும். நிறுவும் ஐகானைத் தொடாதவரை வன்தட்டில் எதுவும் மாறாது என்பதை உரக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ப்ராஜெக்ட் கோப்புகள் அழிந்துவிடுமோ என்ற அச்சம்தான் மாணவரின் கையைக் கட்டிப்போடுகிறது. வைஃபை, ஒலி, ப்ரொஜெக்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து அவரவர் வேலை. தமிழ்த்துறை மாணவர் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ஒரு பக்கம் தட்டச்சு செய்யட்டும். அவருடைய பழைய கோப்பு வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் லிப்ரே ஆஃபிஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவினாலோ உரையை யூனிகோடுக்கு மாற்றினாலோ சரியாகிவிடும். கணினி அறிவியல் மாணவர் டர்போ சி என்ற பழைய தொகுப்பியில் (கம்பைலரில்) எழுதிய நிரலைக் கொண்டுவருவார். லினக்ஸில் உள்ள தொகுப்பியான ஜிசிசி அதைத் தொகுக்கும்போது கோனியோ என்ற தலைப்புக் கோப்பு இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். அந்த வரியையும், திரையைத் துடைக்கும் கட்டளையையும், இறுதியில் விசைக்காகக் காத்திருக்கும் கட்டளையையும் அவர் கையாலேயே நீக்கச் சொல்லி மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். டாஸ் காலத்துத் தொகுப்பி ஒன்றுக்கே உரியவை எவை, சி மொழியின் தரத்தில் உள்ளவை எவை என்பது அந்தச் சில நிமிடங்களில் விளங்கிவிடும். லினக்ஸில் நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் தரப்பட்டுள்ள உரிமையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

நிறுவ விரும்புவோரை மட்டும் அடுத்த அமர்வுக்கு அழையுங்கள். அவர்கள் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு வர வேண்டும். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், வட்டிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வைக்காமல் பூட் அமைப்பில் கைவைக்கவே கூடாது. பிறகு விண்டோஸை முழுமையாக அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே 50 முதல் 100 ஜிபி இடத்தை ஒதுக்கி, சார்ஜரைச் செருகிய நிலையில், விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வை எடுக்கச் சொல்லுங்கள். வட்டு முழுவதையும் அழிக்கும் தேர்வு அதன் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், அந்தத் திரை வரும்போது நீங்கள் அருகில் நிற்பது அவசியம்.

சில கணினிகளில் மறுநாள் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

ஆட்டோகேட், சில ஆன்லைன் தேர்வுகளின் கண்காணிப்பு மென்பொருள் போன்றவற்றுக்கு விண்டோஸ் தேவைப்படும். இதை மறைக்காமல் சொல்லுங்கள். பருவத் தேர்வுக்கு நடுவில் தெரியவந்தால் மாணவர் லினக்ஸையே வெறுத்துவிடுவார். டைம்ஷிஃப்ட் மென்பொருளில் ஒரு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்கு மீள உதவும் படி) எடுத்து வைப்பதையும், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்ப் பாடங்கள் இருப்பதையும் காட்டிவிட்டு, அடுத்த வாரம் ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிரின்டர் வேலை செய்யவில்லை, வைஃபை அறுந்து போகிறது என்று அன்றைக்குத்தான் வருவார்கள்.